பார்க்லியைத் துரோகி என்பவர்களுக்கு

நியூயார்க் ஜயண்ட்ஸிலிருந்து ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போன அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் சேக்வான் பார்க்லியைப் பற்றி நேற்று ஒரு பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதியது இது. "பணத்துக்காக எதிரி டீமுக்கு ஓடிப்போனவன், ஒரே ஒரு வருஷம் ஆடினான், இப்ப ஆள் முடிஞ்சான், ஜயண்ட்ஸ் விட்டது சரிதான்." சாரம் இவ்வளவுதான். எழுதியவர் மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்துத்தான் மனசு ஆறவில்லை. அங்கேயே பதில் சொன்னேன், "உணர்ச்சிவசப்படாதீங்க ப்ரோ" என்று வாயை அடைத்துவிட்டார்கள். அதனால் இங்கே நீளமாகவே எழுதுகிறேன். நானும் ஜயண்ட்ஸ் ரசிகன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சேக்வான் பார்க்லி விஷயத்தில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ரன்னிங் பேக்குக்கு, அதாவது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவருக்கு, உடம்பு நன்றாக இருக்கும் வருஷங்களில் சம்பளம் பேச உரிமை கிடையாது. உரிமை வரும்போது உடம்பில் பாதி போயிருக்கும். என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) விதிகள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாமல் யாரும் டிராஃப்டுக்கு (டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) வர முடியாது. அதனால் பெரும்பாலும் 21, 22 வயதில்தான் உள்ளே வருகிறார்கள். வந்ததும் நாலு வருஷ ஒப்பந்தம். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாய் என்பதை வைத்தே தொகை கிட்டத்தட்ட முடிவாகிவிடும். மூன்று சீசன் முடியும்வரை அதைத் திருத்திப் பேசவும் முடியாது. முதல் சுற்றில் வந்தவனை ஐந்தாவது வருஷமும் நிறுத்திவைக்க டீமுக்கு உரிமை உண்டு. அது முடிந்தால் ஃபிரான்சைஸ் டேக் என்று ஒன்று இருக்கிறது. டீம் ஒருதலையாக "இன்னும் ஒரு வருஷம் நீ எங்கள் ஆள், இதுதான் தொகை" என்று சொல்லிவிடலாம். அடுத்த வருஷம் 20 சதவீதம் கூட்டிக் கொடுத்து மறுபடியும் போடலாம். ஆக, 21-ல் வந்தவனை 28 வரை பிடித்து வைக்க முடியும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு 28 என்பது ஆட்டம் பழுக்கும் வயது. ரன்னிங் பேக்குகளில் பெரும்பாலோர் அந்த வயதில் கீழே இறங்க ஆரம்பித்திருப்பார்கள். டெரிக் ஹென்றி 30 வயதில் 1,921 யார்டு ஓடினாரே என்பீர்கள். ஓடினார். அப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பார்க்லி 2018-ல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். முதல் வருஷமே ஓட்டத்தில் 1,307 யார்டு, 91 கேட்ச், மொத்தம் 2,028 யார்டு. அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அன்றைக்கு அவர் பேரம் பேசியிருக்க முடியுமானால் கதையே வேறு. முடியாது, விதி இடம் கொடுக்காது.

2020 செப்டம்பர் 20, சிகாகோவில் அந்த சீசனின் இரண்டாவது ஆட்டம். வலது முழங்காலில் ஏசிஎல் அறுந்தது, மெனிஸ்கஸ் என்ற முழங்கால் குருத்தெலும்பும் சேர்ந்து போனது. ஏசிஎல் என்பது தொடை எலும்புக்குக் கீழே முன்னங்கால் எலும்பு முன்பக்கமாக வழுக்காமலும் திருகாமலும் பிடித்து வைக்கும் நார். ரன்னிங் பேக் ஒரு காலை ஊன்றி இன்னொரு பக்கம் வெட்டும்போது முழு பாரமும் வந்து விழுவது அங்கேதான். அறுந்ததைத் தைப்பதில்லை, உடம்பின் வேறு இடத்திலிருந்து நாரை எடுத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அந்தப் புது நார் எலும்போடு பிடித்து உறுதியாக ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். ஆறாவது மாதத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, எல்லாம் சரியாகிவிட்டது போலவே தெரியும். உள்ளே நார் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு வெட்டி ஓடினால் மறுபடியும் அறுந்துபோகலாம். வருஷம் முடிந்து களத்துக்கு வந்தாலும் அந்தக் காலை நம்பி ஊன்றுவதற்கு இன்னொரு சீசன் பிடிக்கும். 2021-ல் அவர் ஓடியது 593 யார்டு, ஒரு ஓட்டத்துக்கு 3.7. அப்போதும் இதே குரல்கள்தான். "முடிஞ்சான்." அடுத்த வருஷம் 1,312 யார்டு ஓடினார். அப்போது யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை.

இந்த 1,312-க்குப் பிறகு என்ன கிடைத்தது? 2023 மார்ச்சில் ஜயண்ட்ஸ் தன் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நாலு வருஷத்துக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பார்க்லிக்கு டேக், ஒரு வருஷம், 1.01 கோடி. அந்த வருஷ டேக் தொகைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குவார்ட்டர்பேக்குக்கு 3.24 கோடி, எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கு 1.97 கோடி. ரன்னிங் பேக்குக்குக் கீழே இருந்தது கிக்கரும் பன்ட்டரும் மட்டும்தான். ஒரே ஆட்டத்தில் இருபது தடவை அடி வாங்குகிறவனுக்கு தடுப்பதும் பிடிப்பதுமாக இருக்கும் டைட் எண்டை விடக் குறைவு. பந்தை உதைத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பவருக்கு மட்டும்தான் அவனை விடக் குறைவு. இதைப் படித்த பிறகும் ஒருவருக்கு உறுத்தவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

"3 கோடி டாலர் வாங்கினவனுக்கு என்னய்யா அழுகை" என்று கேட்கிறார்கள். நான் அவருக்குப் பிச்சை கேட்கவில்லை. முதல் ஒப்பந்தத்தில் 3.12 கோடி வாங்கினார், உண்மைதான். அந்தத் தொகையை வைத்து அவர் ஏழையா பணக்காரரா என்று பார்ப்பது ஒரு கேள்வி. அதே டீமில், அதே மாதத்தில், யாருக்கு நிச்சயம் கொடுத்தார்கள், யாரைத் தொங்கலில் விட்டார்கள் என்பது வேறு கேள்வி. 16 கோடிக்கு ஒப்பந்தம் போட்ட ஜோன்ஸை 2024 நவம்பரில் அவர்களே விடுவித்தார்கள். அதைத் தவறான முதலீடு என்கிறீர்கள். பார்க்லி கேட்டால் மட்டும் பேராசை.

அடுத்தது இந்த "ஓடிப்போனவன்". 2024-ல் ஜயண்ட்ஸ் இரண்டாவது டேக் போட்டிருக்கலாம், போடவில்லை. வெளியே விலை கேட்டுப் பார் என்று அனுப்பியது அவர்கள். ஜயண்ட்ஸைப் பற்றிய 'ஹார்ட் நாக்ஸ்' ஆவணத் தொடரில் எல்லாமே பதிவாகியிருக்கிறது. குவார்ட்டர்பேக்குக்கு 4 கோடி கொடுப்பது 1.2 கோடி ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதற்காக இல்லை என்று பொது மேலாளரே பேசுகிறார். இவன் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது என்கிறார் உரிமையாளர். தூக்கம் வராது என்று தெரிந்தே விட்டார்கள். ஈகிள்ஸ் மூன்று வருஷத்துக்கு 3.775 கோடி, அதில் 2.6 கோடி உத்தரவாதம் என்று நீட்டியது. அவர் வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே போனவனைத் துரோகி என்றால் எப்படி? அதிலும் டீக்கி பார்பர், அதே ஜயண்ட்ஸில் அதே இடத்தில் ஓடி, அந்த அடிகளை வாங்கியவர், ரேடியோவில் உட்கார்ந்துகொண்டு இனி நீ எங்களுக்குச் செத்தவன் என்கிற மாதிரி பேசினாரே, அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

"அந்த லைனுக்குப் பின்னால் யார் ஓடினாலும் 2,000 வரும்." லைன் என்றால் முன்னால் நின்று எதிராளிகளைத் தடுத்து வழி திறக்கும் ஐந்து பேர். இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 2023-ல் ஈகிள்ஸில் கிட்டத்தட்ட அதே லைன், அதன் நடுவில் ஜேசன் கெல்சியும் இருந்தார். ஓடியது டிஆண்ட்ரே ஸ்விஃப்ட், 1,049 யார்டு, சராசரி 4.6. நல்ல ஆட்டக்காரர், குறை சொல்லவில்லை. 2024-ல் பார்க்லி 345 ஓட்டத்தில் 2,005 யார்டு, சராசரி 5.8. கெல்சி ஓய்வு பெற்ற பிறகு. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

லைனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மைலாட்டா, டிக்கர்சன், ஜர்கென்ஸ், பெக்டன், லேன் ஜான்சன் ஐந்து பேரும் மலை மாதிரி நின்றார்கள். குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸும் உதவினார். இன்சைட் ஸோன் என்ற வகை ஓட்டத்தில் ஓரத்தில் நிற்கும் ஒரு தடுப்பாட்டக்காரரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவார்கள். அவர் பார்க்லியை நோக்கி உள்ளே பாய்ந்தால் ஹர்ட்ஸ் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார், நின்றால் பார்க்லியிடம் கொடுப்பார். ஒரு ஆளைத் தொடாமலே முடக்குகிற வழி. மீதி பேருக்குத்தான் லைன். இதற்குப் பிறகு வரும் ஒரு நொடிதான் ரன்னிங் பேக்கின் வேலை. பந்து வயிற்றில் விழும்போது தோள் இரண்டும் நேராக இருக்க வேண்டும். தான் போகப்போகாத இடைவெளியை நோக்கியே இரண்டு மூன்று எட்டு வைத்துப் போக வேண்டும். எதிரணியில் லைனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் அதை நம்பி அந்தப் பக்கம் நகர வேண்டும், நகர்ந்த கணத்தில் ஒரே ஒரு வெட்டு. அரை எட்டு முந்தினால் லைன்பேக்கர் ஏமாறமாட்டார். அரை எட்டு பிந்தினால் தன் லைன்காரரின் முதுகிலேயே போய் மோதுவார். ராம்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில், பனி கொட்டும்போது, காலுக்குக் கீழே தரையே பிடிக்காத நேரத்தில், 62 யார்டும் 78 யார்டும் ஓடினாரே, அந்த இரண்டையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நியூயார்க்கில் அந்த மூன்று எட்டை வைப்பதற்குள் எதிராளி வந்து காலைப் பிடித்திருப்பான். அதைத்தான் "பின்னால் நின்று டான்ஸ் ஆடுகிறான்" என்று எழுதினீர்கள்.

யார்டு கணக்கில் வராத வேலை ஒன்றும் இருக்கிறது. பாஸ் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கைக் காக்க நிற்பது. உள்பக்க இடைவெளியை முதலில் பார்க்க வேண்டும், யாரும் வரவில்லை என்றால்தான் வெளிப்பக்கம். 110 கிலோ ஆள் ஓடி வரும்போது முன்னே போய் லைன் அருகிலேயே சந்திக்க வேண்டும், கை உள்பக்கமாக, எதிராளியின் நெஞ்சில். நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டால் குதிகாலில் சாய்ந்து தன் குவார்ட்டர்பேக் மேலேயே விழுவான். இந்த மோதலுக்கு எந்தப் புள்ளிவிவரப் பக்கத்திலும் பெயர் இல்லை. முழங்காலும் தோளும் மட்டும் கணக்கு வைத்திருக்கும்.

"ரன்னிங் பேக் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பான்" என்ற வாதத்தில் விஷயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஏழாவது சுற்றில், 251-வது ஆளாக வந்த பச்சேகோ சீஃப்ஸ் டீமோடு இரண்டு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) ஜெயித்தார். ஜயண்ட்ஸிலேயே ஐந்தாவது சுற்று ட்ரேசி முதல் வருஷம் 839 யார்டு எடுத்தார். சரி. ஆனால் அந்த வருஷம் ஜயண்ட்ஸுக்கு 3 வெற்றி, 14 தோல்வி. பார்க்லி ஜயண்ட்ஸின் மெட்லைஃப் மைதானத்துக்குத் திரும்பி வந்த அன்று 17 ஓட்டத்தில் 176 யார்டு, ஈகிள்ஸ் 28-3 என்று ஜெயித்தது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடுமா?

ராம்ஸின் ரன்னிங் பேக் டாட் கர்லியை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. 2017-ல் மொத்தம் 2,093 யார்டு, 19 டச்டவுன், வருஷத்தின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். 2018-ல் 4.5 கோடி உத்தரவாதத்தோடு ஒப்பந்தம். அந்த சீசன் கடைசியில் இடது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இரண்டு ஆட்டம் உட்கார்ந்தார். சூப்பர் பவுலில் 10 ஓட்டம், 35 யார்டு. 2020 மார்ச்சில் இன்னும் 1.05 கோடி உறுதியாவதற்குச் சற்று முன் ராம்ஸ் விடுவித்தது. அட்லாண்டாவில் ஒரு வருஷம். கடைசி ஆட்டத்தின்போது வயது 26. கரும்பைப் பிழிவது போலப் பிழிந்துவிட்டு சக்கையைப் பார்த்து "இனிக்கவில்லையே" என்றார்கள். "காசு வந்ததும் சோம்பேறி ஆயிட்டான்" என்று அன்றைக்கு எழுதியவர்கள் இன்னும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அந்த முழங்காலோடு ஒரு மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

கடைசியாக 2025. சராசரி 4-ஐ ஒட்டி இறங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. 2024-ல் பிளேஆஃபையும் சேர்த்து அவர் பந்தைத் தூக்கி ஓடியது 436 தடவை. 2,504 யார்டு, பிளேஆஃபையும் சேர்த்தால் ஒரே சீசனில் அதைவிட அதிகம் யாரும் ஓடியதில்லை. டெரல் டேவிஸ் 1998-ல் 2,476 ஓடினார், அடுத்த வருஷம் நாலாவது ஆட்டத்தில் முழங்கால் போனது, பிறகு பழைய டேவிஸாகத் திரும்பவே இல்லை. டிமார்கோ முர்ரே 2014-ல் 1,845, அடுத்த வருஷம் 702. இவ்வளவு சுமை ஏற்றினால் அடுத்த வருஷம் உடம்பு இப்படித்தான் பேசும். போதாக்குறைக்கு லைனில் லேன் ஜான்சன் பாதி சீசன் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், 2025 மார்ச்சில் அவர் அந்த 4.12 கோடி நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டது சரி, நூறு சதவீதம் சரி. காத்திருந்திருந்தால் 2025-ஐக் காட்டி மறுபடியும் ஒரு வருஷ ஒப்பந்தம் நீட்டியிருப்பார்கள், நீங்களும் அதைப் புத்திசாலித்தனம் என்றிருப்பீர்கள்.

மறுத்துப் பேசுங்கள், ஸ்விஃப்ட் கணக்குக்குப் பதில் இருந்தால் எழுதுங்கள், படிக்கிறேன். "துரோகி" என்று மட்டும் வந்தால் நீக்கிவிடுவேன்.