93% மரணம் என்பது உண்மையா?

“இரண்டு வயதுக்குள் நிமோனியா வந்த குழந்தைகளில் 93% பேர் பெரியவர்களானதும் நுரையீரல் நோயில் இறப்பார்கள், லண்டன் ஆய்வு” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சளி நெஞ்சில் இறங்கிய குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு இது எப்படி இருக்கும்? இது தவறு.

ஆய்வு உண்மையானது. 1946 மார்ச்சில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த தகவல்களை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் செய்தது. 2023 மார்ச்சில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

அந்த 93, இறப்பவர்களின் எண்ணிக்கை அல்ல. தொற்று வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டதில், வந்தவர்களுக்கு சுவாச நோயால் இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் கூடுதல் என்பது. இரண்டு வயதுக்குள் நிமோனியா போன்ற மார்புத் தொற்று வராதவர்களில் 73 வயதுக்குள் சுவாச நோயால் இறந்தவர்கள் ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர். வந்தவர்களில் 21 பேர். அதாவது மற்ற 979 பேருக்கு அப்படி நேரவில்லை. தொற்றுதான் காரணம் என்றும் ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பு இருப்பதாகவே சொல்கிறது.

அவர்கள் போருக்குப் பிந்தைய பிரிட்டனில், நிலக்கரிப் புகைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசி இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். தவறியிருந்தால் செவிலியரிடம் கேளுங்கள். குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ விலா உள்ளிழுத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.