மில்லர் ஓடையின் கோஹோ மீன்களையும் கணக்கில் எடுங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில்-டகோமா விமான நிலைய விரிவாக்கத்துக்கான சூழல் ஆய்வைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 31 திட்டங்கள், பயணிகள் விமானம் ஏறும் 19 புதிய வாயில்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஓடைகளுக்கு ஒரே ஒரு பத்திதானா?

மில்லர், வாக்கர், டெமாய்ன்ஸ் ஆகிய மூன்று ஓடைகளும் விமான நிலையத்தை ஒட்டிய மேட்டிலிருந்து இறங்கி பியூஜெட் சவுண்ட் கடலில் சேர்கின்றன. 2008-இல் திறந்த மூன்றாவது ஓடுதளத்துக்காக மில்லர் ஓடையின் ஒரு பகுதியை ஏற்கெனவே இடம் மாற்றியாகிவிட்டது.

இலையுதிர்கால மழை தொடங்கியதும் கோஹோ என்ற சால்மன் வகை மீன் கடலிலிருந்து இந்த ஓடைகளுக்கு முட்டையிட ஏறி வரும். போன வருடம் கரையில் நின்று ஒரு பெண் மீனைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு, துடுப்பை விரித்து, ஒரே இடத்தில் வட்டமடித்தது. அப்புறம் மல்லாந்துவிட்டது. வயிறு நிறைய முட்டை, ஒன்றுகூட வெளியே வரவில்லை. மனசு தாங்கவில்லை.

நகர ஓடைகளில் கோஹோ இப்படிச் சாவதற்கான முக்கியக் காரணம் 2020-இல்தான் தெரிந்தது. கார் டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம் ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. மழைநீரோடு அது ஓடையில் கலந்தால் சில மணி நேரத்தில் மீன் செத்துவிடும். வாயில்கள் கூடினால் பயணிகளைக் கொண்டுவிடும் கார்களும் கூடும், அதனால் விமானத்தை மட்டும் பார்த்தால் போதாது. சாலையிலிருந்து வழியும் மழைநீரை மண், மக்கு உரக் கலவை வழியாக வடியவிட்டால் கோஹோ பிழைப்பதைச் சோதனையில் காட்டியிருக்கிறார்கள். சரி, அப்படியானால் புதிதாகப் போடும் ஒவ்வொரு சாலைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அந்த வடிகட்டியைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவும் கான்கிரீட் போடுவதற்கு முன்பே.