நான் திறந்த தாவலை மூடும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு

நேற்று ஒரு நீண்ட பயணம். வழியில் பல மணி நேரம் இணையத் தொடர்பு இருக்காது என்று முன்பே தெரிந்திருந்ததால், படிக்க வேண்டிய எட்டுக் கட்டுரைகளைக் கைப்பேசி உலாவியில் தனித்தனித் தாவல்களாக (டேப்) திறந்து, ஒவ்வொன்றும் கடைசி வரிவரை வந்துவிட்டதா என்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கிளம்பினேன். தொடர்பு அறுந்தபின் ஒரு தாவலைத் தொட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு முன் முழுமையாக என் கண்முன் இருந்த பக்கம் வெள்ளையாக மாறியது, தன்னைத்தானே மறுபடி ஏற்ற முயன்றது, பிறகு இணையம் இல்லை என்று எனக்கே அறிவித்தது. எட்டில் ஏழு இப்படியே போயின.

இது ஏன் நடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 2008இல் வந்த கூகுளின் குரோம் உலாவி, ஒரு பக்கம் முடங்கினால் மற்றவையும் சேர்ந்து விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத் தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டியது. அந்தப் பாதுகாப்புக்கு, ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கான தற்காலிக இடமாகிய நினைவகத்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதோடு இன்றைய பக்கங்கள் ஒவ்வொன்றும் விளம்பரமும் காணொளியும் நிரல்களுமாகக் கனத்துக் கிடக்கின்றன. கைப்பேசியில் நினைவகம் போதாதபோது, நாம் அப்போது பார்க்காத தாவல்களின் உள்ளடக்கம் தூக்கி எறியப்படுகிறது. முகவரியும் தலைப்பும் மட்டும் மிஞ்சுகின்றன. நெருக்கடி உண்மைதான். ஆனால் எறிந்ததை எறிந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டாமா? தலைப்பு அப்படியே நிற்கிறது, சிறு படம் அப்படியே தெரிகிறது, தாவல்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியைப் பூட்டி, சாவியை மரியாதையாக நம் கையில் கொடுப்பதற்குப் பெயர் ஏமாற்று. ஒரு கட்டுரையின் எழுத்து மட்டும் பெரும்பாலும் நூறு கிலோபைட்டைக்கூட எட்டாது. பல கிகாபைட் சேமிப்பிடம் உள்ள கருவியில் அதை ஓர் ஓரமாக எழுதிவைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கட்டுரை போனால் பிறகு படித்துக்கொள்ளலாம். நாமே எழுதியது போனால் என்ன செய்வது? சென்ற மாதம் ஒரு விண்ணப்பப் படிவத்தில் என் பணி அனுபவத்தை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் யோசித்து யோசித்துத் தட்டச்சு செய்திருந்தேன். கடைசியில் ஓர் எண்ணைக் கேட்டார்கள்; அது இன்னொரு தாவலில் திறந்திருந்த மின்னஞ்சலில் இருந்தது. அங்கே போய் நகலெடுத்துத் திரும்பி வருவதற்குள் படிவம் புதிதாக ஏறி, எல்லாக் கட்டங்களும் காலியாகக் கிடந்தன. மறுபடி எழுதினேன்; முதலில் எழுதியதைப் போல அது அமையவே இல்லை. மேசைக் கணினியில் குரோமில் நினைவகத்தை மிச்சப்படுத்தும் வசதி பாதி நிரப்பிய படிவங்களைத் தொடாமல் விட்டுவைக்கிறது. அப்படியென்றால் இந்தச் சிக்கலை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த அக்கறை கைப்பேசிக்கு ஏன் வரவில்லை?

மறுபடி ஏற்றினால் அதே பக்கம்தானே வரும் என்று நினைப்பவர்கள், முடிவில்லாமல் கீழே நீளும் ஒரு பட்டியலில் அரை மணி நேரம் இறங்கிச் சென்றுவிட்டு, மறு ஏற்றத்தில் உச்சிக்கே தூக்கி எறியப்பட்டவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தேடல் முடிவுகளின் வரிசை மாறிவிடும். உள்நுழைவு காலாவதியாகிவிடும்.

"எதற்கு இத்தனை தாவல்களைத் திறந்து வைக்கிறீர்கள், புத்தகக்குறியில் போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்று அறிவுரை சொல்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. புத்தகக்குறி என்பது முடிந்த விஷயத்தை அடுக்கிவைக்கும் அலமாரி. தாவல் என்பது பாதியில் நிற்கும் வேலை: ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் இரண்டு விலைப்பட்டியல்கள், பதில் எழுத வேண்டிய கடிதம், நாளைக் காலை தொடர வேண்டிய வாசிப்பு. அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் நினைவில் இருக்கும். ஆண்ட்ராய்டு குரோமில் தாவல்கள் 99ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பதிலாக ஒரு சிரிப்புக் குறி வருகிறது. என் முடியாத வேலைகளில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு எண்ணைக் காட்டுங்கள், போதும்.

கணினியிலும் நிம்மதி இல்லை. தாவல்கள் கூடக்கூடத் தலைப்புகள் சுருங்கி, ஒரே தளத்தின் இருபது பக்கங்கள் ஒரே சின்னமாக வரிசையில் நிற்கின்றன. எது எது என்று ஒவ்வொன்றாக அழுத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தவறி மூடியதைக் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி மீட்கலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். இவற்றுக்கெல்லாம் தீர்வு இல்லாமலும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் என்ற இன்னொரு உலாவி 2011இலேயே தாவல்களைக் குழுக்களாகப் பிரித்து வைக்கும் வசதியைக் கொடுத்தது. 2016இல் அதை நீக்கியது. 2025இல் வேறு வடிவில் மறுபடி கொண்டுவந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் அந்தத் தேவை அப்படியேதான் இருந்தது. ஒருவர் தன் வேலையை ஒரு வசதியைச் சுற்றி அமைத்துக்கொண்ட பிறகு அதைப் பிடுங்குவது, அவர் மேசையை அவர் இல்லாதபோது கலைப்பதற்குச் சமம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உள்ளடக்கத்தை அகற்றிய தாவலை மங்கலாகவாவது காட்டுங்கள். இதைத் தொடாதே என்று ஒரு தாவலைக் குறித்துவைக்க ஒரு வழி கொடுங்கள், கைப்பேசியிலும். நான் தட்டச்சு செய்த எழுத்தை என் அனுமதி இல்லாமல் அழிக்காதீர்கள்.

தொடர்பு திரும்பியதும் அந்த ஏழு தாவல்களையும் மறுபடி ஏற்றினேன். ஐந்து வந்தன. ஒன்று இப்போது சந்தா கேட்கிறது. இன்னொன்றைத் தளமே நீக்கிவிட்டது. நேற்றுக் காலை அது முழுவதுமாக என் கையில் இருந்தது.