அப்துல் ஹமீது டாங்கிக்கு அடியில் பாயவில்லை

"ஹவில்தார் அப்துல் ஹமீது கையெறி குண்டோடு பாட்டன் டாங்கிக்கு அடியில் பாய்ந்து உயிர்விட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி நடக்கவில்லை. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் கேம் கரண் பகுதியில், ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியால்தான் அவர் பாகிஸ்தானின் அந்தப் பாட்டன் ரக (அமெரிக்கத் தயாரிப்பு) டாங்கிகளை அடித்தார். அது சுட்டதும் பின்பக்கம் நெருப்பும் புழுதியும் கிளம்பி, நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜீப்புக்கோ கவசமே கிடையாது. ஒரு குண்டு, உடனே இடம் மாற்றம், மறுபடி ஒரு குண்டு. செப்டம்பர் 10 அன்று அந்தச் சண்டையிலேயே வீழ்ந்தார். இதற்கு மேல் சினிமா ஜோடனை எதற்கு?

அப்புறம், நாட்டின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம்வீர் சக்ரா 'பல வருடம் கழித்து' வந்ததாம், அதையும் அவரே எழுதுகிறார். 1966 குடியரசு தினத்திலேயே ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் அதை ஹமீதின் மனைவி ரசூலன் பீபியிடம் வழங்கிவிட்டார்.