பழைய சாமானில் ஒரு வில்: காசை எதில் போடுவது?

என் பட்டறைக்கு மோட்டார் சைக்கிள் சர்வீஸுக்கு வருகிற தம்பிகளுக்கு இப்போது ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் எவனோ ஒருவன் பழைய சாமான்களாகப் பொறுக்கி, ஆயிரம் கெஜம் சுடுகிற ரைஃபிள் ஒன்றைக் குறைந்த செலவில் கூட்டுகிறான். ரெமிங்டன் 700 ரைஃபிளின், தோட்டா ஏற்றிச் சுடும் நடுப்பகுதியான ஆக்‌ஷன் ஒருத்தனிடம், குண்டு வெளியேறும் குழாயான பேரல் இன்னொருத்தனிடம், குறியைப் பெரிதாகக் காட்டும் ஸ்கோப் வேறொருத்தனிடம். இதை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "நம்மூர்ல இப்படி முடியுமாண்ணே?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

முடியாது தம்பி. இங்கே மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. அது போதாதென்று 1971இல் தண்டனையைக் கூட்டி இன்னொரு சட்டமும் வந்தது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தாலே 14 வருஷம் வரைக்கும் உள்ளே போகலாம், கூடவே ஆறுக்குக் குறையாத பிரம்படி. இதில் எனக்கு வருத்தமும் கிடையாது. நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் அவசர காலமே அறிவிக்கப்பட்டது. துப்பாக்கி என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் பெரியவர்கள் அந்தக் காலத்து முள்வேலியையும் ஊரடங்கையும்தான் சொல்வார்கள். அந்த ஆசையை அதோடு விட்டுவிடுவோம்.

ஆனால் அந்த வீடியோக்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விவரம் தெரிந்தவன் யாரும் பளபளப்பான சாமானில் காசைக் கொட்டுவதில்லை. ஆக்‌ஷன் பழசானாலும் பரவாயில்லை. பேரல் நன்றாக இருக்கணும், கண்ணாடி தெளிவாக இருக்கணும், மிச்சக் காசு தோட்டாவுக்குப் போகணும் என்கிறான். இந்தக் கணக்கை வில்வித்தைக்கு அப்படியே கொண்டுவரலாம். வில்லுக்கு யாரும் நம்மைச் சிறையில் போடப்போவதில்லை. தூரத்துக்கு வைக்கிற குறி என்றால் இதுவும் தூரத்துக் குறிதானே.

நம் ஊர்ப் பெற்றோர் பலர் "வில்வித்தையா? அது பணக்கார விளையாட்டு சார்" என்று முதல் பேச்சிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி நினைக்க வைத்தது யார்? பிள்ளை பள்ளி அணியில் சேர்ந்த அடுத்த வாரமே கையில் ஒரு பட்டியல் வருகிறது. புது ரைசர், வில்லின் வளையும் கைகளான புது லிம்ப், குறி பார்க்கப் புது சைட், வில் ஆடாமல் இருக்க நீளமும் குட்டையுமாக ஸ்டெபிலைசர் குச்சிகள், தோளில் மாட்டப் பெரிய பை. கூட்டிப் பார்த்தால் ஒரு பழைய கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற அப்பா அந்தப் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்கிறார். அந்த அடுத்த வருஷம் வருவதே இல்லை. பட்டியல் எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அதில் முக்கால்வாசிச் சாமான் முதல் இரண்டு வருஷத்துக்குத் தேவையே இல்லை.

சரி, காசை எதில் போடுவது?

முதலில் ரைசர், அதாவது கையில் பிடிக்கிற நடுத்துண்டு. ஆளாளுக்கு ஆசைப்படுவது இதற்குத்தான், காசை மிச்சம் பிடிக்க வேண்டியதும் இதில்தான். அலுமினிய ரைசர் லேசில் சாகாது. லிம்பை ரைசரில் மாட்ட ஹொய்ட் கம்பெனி கொண்டுவந்த ஐஎல்எஃப் பொருத்தம் இன்று பெரும்பாலான பிராண்டுகளுக்குப் பொது. அதனால் கொரியா ரைசரில் சீன லிம்பை மாட்டலாம், பத்து வருஷப் பழசில் நேற்று வந்ததை மாட்டலாம். சாயம் உரிந்திருந்தால் விலையைப் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள். லிம்ப் போல்ட்டின் மரை நன்றாக இருக்கிறதா, லிம்ப் உட்காரும் குழி தேய்ந்து ஆடுகிறதா, இது இரண்டையும் மட்டும் பாருங்கள். வளர்கிற பிள்ளைக்கு 23 அங்குலம், உயரமான பிள்ளைக்கு 25. கார்பன் ரைசர் என்று யாராவது ஆரம்பித்தால் கோப்பி குடிக்கப் போய்விடுங்கள்.

அடுத்து லிம்ப். இதில்தான் ஏமாற்று அதிகம். பழைய லிம்ப் விற்கிறவன் எடுத்த எடுப்பில் "பாராங் சிஹாட் (சாமான் நல்லா இருக்கு) பாஸ், ரெண்டு வாட்டிதான் இழுத்தது" என்பான். அந்த ரெண்டு வாட்டிக்கு அப்புறம் அது எத்தனை மாசம் காடியின் (காரின்) பின்பூத்தில் வெயிலில் வெந்தது என்று சொல்ல மாட்டான். லிம்ப் என்பது மரம், ஃபோம், ஃபைபர், கார்பன் எல்லாம் பசையில் ஒட்டிய அடுக்கு. நம் ஊர் மத்தியான வெயிலில் பூட்டிய காடிக்குள் கிடந்தால் பசை இளகும், லிம்ப் முறுக்கிக்கொள்ளும். ஆகவே நாணை ஏற்றாமல் வாங்காதீர்கள். ஏற்றிய வில்லை நாற்காலி முதுகில் சாய்த்து, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண், மேல் லிம்பின் நடுவிலும் கீழ் லிம்பின் நடுவிலும் ஒரே கோடாக ஓடணும். கொஞ்சம் ஓரம் தள்ளி ஓடினால் பயமில்லை, ரைசரிலேயே திருத்த வசதி இருக்கும். லிம்பின் நுனியே ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால் அதைத் தொடாதீர்கள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்து இரண்டு ஓரத்திலும் மெதுவாக வருடுங்கள். நார் கிளம்பிய இடத்தில் பஞ்சு மாட்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைப் பஞ்சு காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் பவுண்டு விஷயம், அதாவது வில்லை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. லிம்பில் எழுதியிருக்கிற பவுண்டு 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள கணக்கு. ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 2 பவுண்டு குறையும், கூடினால் கூடும். பயணப் பெட்டி எடை பார்க்கிற தொங்குத் தராசை நாணில் மாட்டி, பிள்ளை இழுக்கிற அளவுக்கு இழுத்துப் பாருங்கள், கிலோவை 2.2ஆல் பெருக்கினால் உண்மையான பவுண்டு வந்துவிடும். எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கிற கூத்து இது: 40 பவுண்டு லிம்ப் மலிவாகக் கிடைத்தது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை இடுப்பை வளைத்து, தோளைக் காதுவரை தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறது. அப்பா பக்கத்தில் நின்று "அர்ச்சுனன் மாதிரி இழுக்கிறான் பாருங்க" என்கிறார். தோள்பட்டை போனால் அர்ச்சுனனும் வீட்டில்தான் உட்காரணும். ஆரம்பத்துக்கு 20, 24 போதும். பழகப் பழக இரண்டிரண்டாக ஏற்றலாம்.

அதற்கும் பதில் கேள்வி வரும்: "24ஐ வைத்துக்கொண்டு 70 மீட்டர் எப்படி அடிப்பது?" அடிக்க வேண்டாமே! 70 மீட்டர் பெரியவர்களின் ஒலிம்பிக் தூரம். 18 மீட்டரில் ஒழுங்காகக் கூட்டமாகப் போடத் தெரியாதவன் 70இல் நின்று என்ன செய்யப்போகிறான்? அந்தத் தூரத்தில் பலகை 122 சென்டிமீட்டர், நடுவில் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். கோணமாகக் கணக்குப் போட்டால் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு. சைட் முள் கண்ணில் இருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த அகலம் 2 மில்லிமீட்டர்கூட வராது. தரவரிசைச் சுற்றின் 72 அம்பையும் இதற்குள் போட்டால் 720 புள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கொரியாவின் இம் டோங்-ஹியூன் 699 எடுத்தார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மிகவும் மங்கல். கண்ணாடி போட்ட பிள்ளை வில் பிடிக்கலாமா என்று கேட்கிற அம்மாக்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி அம்பு. நான் இவ்வளவு நீட்டி எழுதுவதே இதற்காகத்தான். எல்லாவற்றையும் பழசாக வாங்குங்கள், அம்பை மட்டும் புதுசாக வாங்குங்கள். காரணம் இருக்கிறது. விட்ட அம்பு நேராகப் போவதில்லை. நாண் பின்னால் இருந்து தள்ளியதும் அது மீன் போல வளைந்து நெளிந்து ரைசரைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. எவ்வளவு வளையணும் என்பதை அம்பின் விறைப்பு முடிவு செய்கிறது. அதற்குப் பேர் ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்க வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அரை அங்குலம் இறங்கினால் அது 500 ஸ்பைன். எண் ஏறினால் அம்பு மெத்து, இறங்கினால் விறைப்பு. அம்பை வெட்டிக் குட்டையாக்கினால் விறைப்பு கூடும். முனையில் கனம் ஏற்றினால் குறையும். உங்கள் பிள்ளையின் பவுண்டு, கை நீளம் இரண்டுக்கும் பொருந்துகிற அம்பு ஒரு அளவில்தான் வரும்.

பழைய அம்பு என்றால் வேறொருத்தன் கை நீளத்துக்கு வெட்டியது. நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம். குட்டையாக இருந்தால் ஒட்டுப்போட முடியாது, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது: முழுக்க இழுக்கும்போது முனை, அம்பு உட்காரும் ரெஸ்டை விட்டுப் பின்னால் விழுந்து, விட்டதும் நேராக இடது கைக்குள் போகும். கார்பன் அம்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் வில்லில் இருக்கும்போதே சிதறும். காதுப் பக்கம் வைத்து லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பாருங்கள். சின்னதாக ஒரு 'நறுக்' வந்தால் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது பிள்ளை பொறுக்கிக்கொண்டு வந்துவிடும்.

புது அம்பு என்றதும் பயப்பட வேண்டாம். ஒலிம்பிக்காரர்கள் விடுகிற ஈஸ்டன் எக்ஸ்10 ஒரு டஜன் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். நமக்கு அது வேண்டாம். ஸ்கைலான், ஈஸ்டன் கம்பெனிகளில் ஆரம்பக்காரருக்கு மலிவுக் கார்பன் உண்டு. ஒரு சுற்றுக்கு ஆறு, உடைந்தால் மாற்ற இரண்டு என எட்டு போதும். எட்டும் ஒரே நீளம், ஒரே முனை, ஒரே இறகு. பொருந்தாத அம்போடு பிள்ளை மாசக்கணக்கில் "என் கைதான் சரியில்லை" என்று நினைத்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்த ரைசர் மட்டும் புத்தம் புதுசு.

பொருத்தம் பார்ப்பது சுலபம். இறகு ஒட்டாத அம்பு ஒன்றை, இறகுள்ள அம்புகளோடு சேர்த்து 18 மீட்டரில் விடுங்கள். வலக்கைக்காரருக்கு இறகில்லாதது இடது பக்கம் தள்ளி விழுந்தால் அம்பு விறைப்பு, வலது பக்கம் என்றால் மெத்து. இதற்குக் கடைக்காரனும் வேண்டாம், மெஷினும் வேண்டாம்.

மிச்சச் சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சைட் பழசு போதும், திருகு ஆடக்கூடாது. மேலே சொன்ன 2 மில்லிமீட்டர் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அம்பைப் பக்கவாட்டில் தாங்குகிற பிளஞ்சரில் உள்ளே ஸ்பிரிங் சிக்காமல் போய்வந்தால் சரி. ஸ்டெபிலைசர் முதலில் நீளமானது ஒன்று போதும், பக்கத்துக் குச்சிகளை அப்புறம் பார்க்கலாம். நாண் மட்டும் புதுசு. பழைய மர லிம்பாக இருந்தால் கொஞ்சம் நீளுகிற டேக்ரான் நாண்தான் போடணும், நீளாத புது வகை நாண் அந்த நுனியை வெட்டிவிடும். அம்பில்லாமல் இழுத்து விடுகிற வேடிக்கை கூடவே கூடாது, நல்ல லிம்ப் அந்த ஒரு தடவையிலேயே போய்விடும்.

இடத்தைப் பற்றியும் சொல்லியாகணும். எங்கள் பக்கம் பழைய தோட்டத்துப் பந்துத் திடல்கள் சும்மா கிடக்கின்றன, லாலாங் புல் முளைத்து. 'அங்கேயே அடிக்கலாமே' என்று தோன்றும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, பின்னால் மண்மேடோ சுவரோ உள்ள பக்கம் பார்த்து அடியுங்கள். தவறிய அம்பு பலகையைத் தாண்டி வெகுதூரம் போகும். திடல் முடிகிற இடத்தில் செம்பனை, அதற்குள் காலையில் குலை வெட்டுகிறவர்கள், உதிரி பொறுக்குகிற அக்காமார்கள். மரத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

கைருல் அனுவார் முகமட் இந்த நாட்டுக்காக 2012, 2016, 2020 என்று மூன்று ஒலிம்பிக்கில் வில் பிடித்தார். நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. பந்து, பேட்மிண்டன் தாண்டி எதுவும் காதில் விழுவதில்லை. உடம்பு பெருத்த பிள்ளை, ஓட முடியாத பிள்ளை, கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிற பிள்ளை, இவர்களுக்கெல்லாம் இந்த விளையாட்டில் இடம் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு ஆளுக்கொரு பேனர் அடிக்கிற நம் சங்கங்கள் வருஷத்துக்கு இரண்டு பேனரைக் குறைத்தால் ஒரு பள்ளிக்கு அம்பு வாங்கலாம். இதற்குக் கீழே என்னைத் திட்ட வருகிற அண்ணன்மார்கள் தாராளமாகத் திட்டுங்கள், கூடவே பேனர் என்ன விலை ஆனது என்றும் எழுதுங்கள்.

இப்போது ஒரு வேண்டுகோள். 40 பவுண்டு லிம்ப் விற்பனைக்கு எப்போதும் கிடைக்கும். கிடைக்காதது 18, 20, 24. பிள்ளை வளர்ந்ததும் அதை ஸ்டோர் ரூமில் போட்டு மறந்துவிடுகிறீர்கள், அடுத்த பிள்ளைக்குப் புதுசு வாங்க வேண்டியிருக்கிறது. ஈப்போ, கோலகங்சார், சுங்கை சிப்புட் பக்கம் யாரிடமாவது சின்னப் பவுண்டு லிம்ப் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நானே மோட்டாரில் வந்து எடுத்துக்கொள்கிறேன். நியாயமான விலை தருகிறேன், ஆனால் நாணை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் காசு.