கொட்டாங்குச்சி கான்கிரீட்: எடை பாதியாகாது

"ஜல்லிக்குப் பதிலாக அதே கிலோ கணக்கில் கொட்டாங்குச்சி போட்டால் கான்கிரீட் எடை பாதியாகும், பலம் குறையாது" என்று பரவும் தகவல் தவறு. சாதாரண கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோ; கொட்டாங்குச்சி கான்கிரீட் 1900 முதல் 2000 கிலோ வரை. அந்த எடைக் குறைவே நல்ல லாபம்தான்.

கொட்டாங்குச்சியின் அடர்த்தி கல்லில் பாதிகூட இல்லை. அதே எடைக்குப் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். கொட்டாங்குச்சி ஓடுகளைப் பூச சிமெண்ட் பசை போதாது. கன அளவில்தான் மாற்ற வேண்டும்.

நாரைச் சுரண்டி, 12 மி.மீ.க்குள் உடைத்து, 24 மணி நேரம் ஊறவைத்து, மேல் ஈரம் வடிந்ததும் கலக்கவும். காய்ந்த ஓடு கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். கொட்டுவதற்குள் கலவை இறுகும்.

அழுத்த வலிமை கிடைத்தாலும் விறைப்பு (வளையாமல் நிற்கும் தன்மை) குறைவு. உத்திரம் அதிகம் தொய்யும். சாதாரண கான்கிரீட்டுக்கான பழைய அளவிலேயே உத்திரத்தை வார்க்காதீர்கள்.