‘ஒவ்வொரு பூக்களுமே’ நா. முத்துக்குமார் எழுதியதல்ல

பாடலாசிரியர் நா. முத்துக்குமார் நினைவாக இங்கே தொகுத்த பாடல் பட்டியலில் முதல் பாட்டே தவறு. ‘ஒவ்வொரு பூக்களுமே’ அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது என்றும், விருது அவர் மறைவுக்குப் பின் வந்தது என்றும் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. 2004இல் வந்த ‘ஆட்டோகிராப்’ படப் பாடல் அது, எழுதியவர் பா. விஜய், தேசிய விருதும் அவருக்கே.

முத்துக்குமாரின் விருதுப் பாடல்கள் ‘ஆனந்த யாழை’ (தங்க மீன்கள், 2013), ‘அழகு’ (சைவம், 2014). இரண்டையும் உயிரோடு இருந்தபோதே பெற்றார். அவர் மறைந்தது 2016 ஆகஸ்ட் 14, வயது 41 தான்.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் பாட்டுக் கேட்கும் செயலிகளால் வருகிறது. பல கவிஞர்கள் எழுதிய படத்தில் ஒருவர் பெயரையே எல்லாப் பாட்டுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். படத்தின் டைட்டிலும் போதாது. அதில் ‘பாடல்கள்’ என்று பெயர்கள் வரிசையாக வரும், எது யாருடையது என்று இருக்காது. கேசட், சிடி உறையில் பாட்டுவாரியாக அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

பட்டியலில் ‘ஒவ்வொரு பூக்களுமே’ இருக்கும் இடத்தில் அதே 2004இன் ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’ பாடலை வையுங்கள். ‘7ஜி ரெயின்போ காலனி’க்கு அவர் எழுதியது. ஸ்ரேயா கோஷல், கே.கே. என இரண்டு குரல்களில் தனித்தனியாக இருக்கிறது, இரண்டையும் சேருங்கள்.